திரையில் தெரியும் எண் யாருடையது? நோயாளியின் கதிரளவை அளக்கக் கற்றுக்கொள்வோருக்கு

ஸ்கேன் அறையில் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே நான் கேட்பது ஒரே கேள்விதான். "இப்போது மேசையை விட்டு இறங்கிப் போனாரே ஓர் அம்மா, அவர் உடம்பு எவ்வளவு கதிரை வாங்கியிருக்கும்?" கேட்டவுடன் பலரது கை தங்கள் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜைத் தொடும்.

அந்த டி.எல்.டி. பேட்ஜ் உங்களுக்கானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய், நீங்கள் வாங்கிய கதிரைச் சொல்லும். பணியாளர்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது: ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்தத் தனி ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மேசையில் படுத்தவருக்கோ பேட்ஜும் இல்லை, வரம்பும் இல்லை. லாரி மோதி வந்தவருக்குத் தலை, கழுத்து, மார்பு, வயிறு எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் பார்த்தே ஆக வேண்டும். "உங்கள் பங்கு தீர்ந்துவிட்டது" என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே எவ்வளவு கொடுத்தோம் என்று தெரிந்து வைத்திருக்கும் பொறுப்பு முழுவதும் நம் தலையில்தான் விழுகிறது.

எக்ஸ்ரே, சி.டி. அறைகளுக்குப் புதிதாக வரும் ரேடியோகிராபர்களுக்கும், மருத்துவ இயற்பியல் படித்துவிட்டு முதல் வேலையில் சேர்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் அலகுகள்

இரண்டு அலகுகளை வைத்துக்கொண்டுதான் பாதிக் குழப்பம். ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் அது ஒரு கிரே. நமக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி கிரே போதும். இது அளக்கக்கூடியது, கருவியை வைத்தால் முள் நகரும். சீவர்ட் அப்படியல்ல. எந்த உறுப்பில் எவ்வளவு விழுந்தது, அந்த உறுப்பு கதிருக்கு எவ்வளவு நோகும் என்று எடை போட்டுக் கூட்டிக் கணக்கிடுவது அது. அந்த எடைகளும் காலத்துக்குக் காலம் மாறும். சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2007-இல் வெளியிட்ட பரிந்துரையில் மார்பகத்தின் எடை 0.05-இலிருந்து 0.12 ஆக உயர்ந்தது. இனப்பெருக்கச் சுரப்பிகளின் எடை 0.20-இலிருந்து 0.08 ஆக இறங்கியது. அன்றைக்கு நோயாளி எவர் உடம்பிலும் எதுவும் மாறவில்லை, கணக்கு மட்டும் மாறியது. எனவே பதிவேட்டில் எழுதுவது கிரேயாக இருக்கட்டும். சீவர்ட்டுக்குப் பிறகு வருவோம்.

சி.டி.யின் கடைசிப் பக்கம்

நாளைக் காலை வேலைக்குப் போனதும் நேற்று எடுத்த ஏதாவது ஒரு வயிற்று ஸ்கேனைத் திறந்து கொள்ளுங்கள். படங்கள் எல்லாம் முடிந்தபின், எழுத்தும் எண்ணும் மட்டும் நிறைந்த ஒரு பக்கம் இருக்கும். அறிக்கை எழுதும் மருத்துவர்கள் பெரும்பாலும் அதைத் தள்ளிவிட்டுப் போவார்கள். நம் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, மில்லி கிரேயில் உள்ள சி.டி.டி.ஐ. வால். (முழுப்பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை, எங்கள் அறையில் வெறும் 'வால்' என்றே சொல்வோம்.) மற்றது டி.எல்.பி., மில்லி கிரே-சென்டிமீட்டரில். பக்கத்திலேயே 'பாண்டம் 16 செ.மீ.' அல்லது 'பாண்டம் 32 செ.மீ.' என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். மூன்றையும் குறித்துக் கொள்ளுங்கள். மூன்றாவதை விட்டுவிட்டால் முதலிரண்டுக்கும் பொருளில்லை.

பாண்டம் என்றதும் சமையலறை நினைவு வர வேண்டாம். இது அக்ரிலிக்கில் வார்த்த ஓர் உருளை. தலைக்கு 16 செ.மீ. விட்டம், உடலுக்கு 32 செ.மீ. விட்டம். திரையில் காட்டும் வால், "இதே அமைப்பில் இந்த உருளையை ஸ்கேன் செய்திருந்தால் உருளைக்குள் சராசரியாக இவ்வளவு விழுந்திருக்கும்" என்று சொல்கிறது. மேசையில் படுத்திருந்தவர் நாற்பது கிலோவா, நூறு கிலோவா என்பது அதற்குத் தெரியாது. இதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே எளிது. திரையில் இருப்பது பிளாஸ்டிக் உருளையின் கணக்கு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் ஸ்கேன் எண்களைத் தொகுக்கச் சொன்னார்கள். அங்கே இரண்டு இயந்திரங்கள். ஒன்றில் குழந்தை வயிற்றுக்கான எண் மற்றதைப் போல இரு மடங்குக்கும் மேல். கண்டுபிடித்துவிட்டேன் என்ற பூரிப்பில் துறைத் தலைவர் முன்னால் வரைபடத்தோடு போய் நின்றேன். அவர் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, "தம்பி, இந்த இயந்திரம் எந்த உருளையை வைத்துக் கணக்குப் போடுகிறது?" என்றார். ஒன்று குழந்தைக்கு 16 செ.மீ. உருளையை வைத்திருந்தது, இன்னொன்று 32. அதே கதிருக்கு, சின்ன உருளையில் எண் ஏறக்குறைய இரு மடங்காகத்தான் வரும். இரண்டு இயந்திரங்களும் ஒரே அளவுதான் கொடுத்துக்கொண்டிருந்தன. அன்று மாலை வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன்.

வாலும் டி.எல்.பி.யும் சேர்ந்து சொல்வது

டி.எல்.பி. என்பது வாலை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கியது. வால் 10 மில்லி கிரே, நீளம் 46 செ.மீ. என்றால் 460. வயலுக்குப் பாய்ச்சும் நீரைப் போல நினைத்துக் கொள்ளலாம்: வால் என்பது தண்ணீரின் ஆழம், டி.எல்.பி. எத்தனை பாத்திக்குப் பாய்ச்சினோம் என்பதையும் சேர்த்துச் சொல்வது.

ஒரே நோயாளிக்கு மருந்து ஏற்றாமல் ஒருமுறை, ஏற்றிய பின் இருமுறை என்று மூன்று கட்டம் எடுத்திருந்தால், டி.எல்.பி.க்களைக் கூட்டலாம். வால்களைக் கூட்டிச் சொல்லாதீர்கள். மார்புக்கு 8, வயிற்றுக்கு 12 என்றால் எந்த உறுப்புக்கும் 20 விழவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், எங்கே தவறு என்பது பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். வால் வழக்கம்போல இருந்து டி.எல்.பி. மட்டும் எகிறியிருந்தால், நீளம் கூடியிருக்கிறது அல்லது தேவையற்ற ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது. வயிற்று ஸ்கேனில் தொடை பாதி வரை பெட்டியை இழுத்துவிடுவது நம் அறைகளில் நாள்தோறும் நடப்பது. "எதற்கும் இருக்கட்டும்" என்பதுதான் அதற்குக் காரணம். வாலே கூடியிருந்தால் கே.வி. (குழாயின் மின்னழுத்தம்), எம்.ஏ.எஸ். (குழாயின் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது), பிட்ச் (ஒரு சுற்றில் மேசை நகரும் தூரத்தைக் கற்றையின் அகலத்தால் வகுத்தது), தானியங்கி மின்னோட்டக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பாருங்கள்.

இதில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று, மேசையின் உயரம். ஸ்கேனுக்கு முன் எடுக்கும் ஸ்கவுட் படத்தைப் பார்த்துத்தான் இயந்திரம் மின்னோட்டத்தை முடிவு செய்கிறது. நோயாளி வளையத்தின் நடுவில் இல்லாமல் எக்ஸ்ரே குழாயின் பக்கமாகச் சில சென்டிமீட்டர் நெருங்கிவிட்டால், விளக்குக்கு அருகே கையை நீட்டினால் சுவரில் நிழல் பெரிதாவது போல, ஸ்கவுட்டில் அவர் பருத்துத் தெரிவார். இயந்திரம் நம்பிவிடும், கூடுதலாகக் கொடுக்கும். லேசர் கோட்டைச் சரிபார்க்க ஆகும் சில விநாடிச் சோம்பல்தான் காரணம்.

எண்ணைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஒரு மருத்துவமனையில் பக்கவாதத்துக்காக மூளையின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சி.டி. எடுத்த 206 பேர், வழக்கத்தைப் போல எட்டு மடங்கு கதிரை வாங்கியிருந்தது 2009-இல் வெளியே வந்தது. பதினெட்டு மாதங்கள் இப்படியே ஓடியிருக்கிறது. நோயாளிகளுக்குத் தலைமுடி கொத்தாக உதிர்ந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. அடுத்த ஆண்டே கலிபோர்னியா மாநிலம் சி.டி.யின் கதிரளவை நோயாளியின் அறிக்கையில் பதிய வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2012 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. ஸ்கேன் பொத்தானை அழுத்தும் முன்பே எதிர்பார்க்கும் வாலைத் திரை காட்டுகிறது. ஒரு மூச்சு நின்று அதைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

உருளையிலிருந்து ஆளுக்கு

சரி, பிளாஸ்டிக் உருளையின் எண்ணை மேசையில் படுத்தவருக்கு எப்படிப் பொருத்துவது? இதற்கென அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011-இல் 204-ஆம் அறிக்கையில் ஒரு வழி சொன்னது. உடல் அளவுக்கேற்ற கதிரளவு என்று அதைச் சொல்லலாம், துறையில் எஸ்.எஸ்.டி.இ.

வயிற்றின் நடுவே ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். திரையின் அளவுகோலால் முன்பக்கத்திலிருந்து முதுகு வரை ஓர் அளவு, இடமிருந்து வலம் ஓர் அளவு. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். மெலிந்த ஒரு பெண்ணுக்கு 18 செ.மீ., 27 செ.மீ. என்று வருகிறது, பெருக்கினால் 486, வர்க்கமூலம் 22. அறிக்கையில் 32 செ.மீ. உருளைக்கான பட்டியலில் 22-க்கு நேராக உள்ள பெருக்கெண் ஏறக்குறைய 1.65. திரையில் வால் 10 என்றால் அவருக்கு உண்மையில் 16.5 மில்லி கிரே. இப்போது பருத்த ஒருவர்: 30, 40. வர்க்கமூலம் 34.6; பெருக்கெண் 1.04. அதே 10 திரையில் இருந்தால் அவருக்கு 10.4 தான்.

திரையில் ஒரே எண். ஆனால் மெலிந்தவர் ஒன்றரை மடங்குக்கும் மேல் வாங்கியிருக்கிறார். பருத்த உடம்பில் வெளிப்பக்கத் தசையும் கொழுப்பும் கதிரை வழியிலேயே தின்றுவிடுகின்றன. மெலிந்தவர் உடம்பில் உள்ளுறுப்பு வரை அது தடையின்றிப் போகிறது. குழந்தைகளுக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூடும்: 18 செ.மீ. உடம்புக்குப் பெருக்கெண் 1.9. பெரியவர்களுக்கான அமைப்பில் குழந்தையை ஸ்கேன் செய்துவிட்டு "எண் வழக்கம்போலத்தான் இருக்கிறது" என்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

தானியங்கிக் கட்டுப்பாடு ஒழுங்காக வேலை செய்தால் மெலிந்தவருக்கு வாலே குறைந்து வரும். அப்படி வருகிறதா என்று பார்ப்பதே நல்ல சோதனை.

"எனக்கு எவ்வளவு?" என்று கேட்பவருக்கு

பெரியவர்களின் சி.டி.க்கு டி.எல்.பி.யை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் மில்லி சீவர்ட் கிடைக்கும். தலைக்கு 0.0021, மார்புக்கு 0.014, வயிறு-இடுப்புக்கு 0.015. மேலே சொன்ன 460-ஐ 0.015-ஆல் பெருக்கினால் 6.9. இயற்கையிலிருந்தே உலக மக்கள் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் வாங்குகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய மூன்று ஆண்டு இயற்கைக் கதிர். அந்தச் சராசரியும் இடத்துக்கு இடம் மாறும்; கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் கலந்த மணலின் மேல் குடியிருப்பவர்களுக்கு அது பல மடங்கு.

இந்தப் பெருக்கெண்கள் கற்பனையான ஒரு சராசரி உடம்புக்குப் போட்டவை. ஸ்கேன் வகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட அவை உதவும். "உங்களுக்குப் புற்றுநோய் வர இவ்வளவு வாய்ப்பு" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல உதவாது. கட்டம் போட்டு ஜாதகம் சொல்வதற்கு அது சமம்.

வயதான ஓர் அம்மா, "ஏன் தம்பி, மூன்றாவது ஸ்கேன் இது. உடம்புக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கேட்டபோது, புதிதாக வந்த ஒரு பையன் மில்லி சீவர்ட்டை எடுத்து விளக்கத் தொடங்கினான். அவர் முகம் இன்னும் வெளிறியது. நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, உங்கள் உடம்புக்குத் தேவையான அளவுக்குத்தான் இயந்திரத்தை வைத்திருக்கிறோம். எவ்வளவு கொடுத்தோம் என்பதை எழுதியும் வைக்கிறோம். இந்த நோயைப் பார்க்காமல் விடுவதுதான் இப்போது பெரிய ஆபத்து." அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பொய்யில்லாமல் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

கர்ப்பம் என்று தெரியாமல் ஸ்கேன் எடுத்துவிட்டவர் வந்தால் மட்டும் உங்கள் வாயால் எதையும் சொல்லாதீர்கள். ஸ்கேன் விவரம் முழுவதையும் எடுத்து இயற்பியலாளரிடம் கொடுங்கள். கருவின் அளவை அவர் கணக்கிடுவார். 100 மில்லி கிரேக்குக் கீழ் இருந்தால் கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை என்பதே சர்வதேச ஆணையத்தின் நிலை. வழக்கமான ஒரு வயிற்று ஸ்கேன் அந்த அளவைத் தொடுவதில்லை.

எண்ணே காட்டாத எக்ஸ்ரே

பழைய எக்ஸ்ரே இயந்திரங்களில் கதிரளவு எதுவும் திரையில் வராது. டிஜிட்டல் இயந்திரங்களில் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்று ஓர் எண் வரும். அதை நோயாளியின் அளவு என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு. அது உடம்பைத் தாண்டி வந்து தகட்டில் விழுந்த கதிரைச் சொல்வது. வெளியே வந்தது எவ்வளவு என்பதை வைத்து உள்ளே போனதை அறிய முடியாது.

வழி எளியது. குழாயிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் அளவுக்கருவியை வைத்து, 60, 70, 80, 90 என்று ஒவ்வொரு கே.வி.க்கும் ஒரு எம்.ஏ.எஸ்.க்கு எத்தனை மைக்ரோ கிரே வருகிறது என்று ஒருமுறை அளந்து அட்டவணை போட்டு இயக்கும் இடத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு நோயாளிக்கும் கருவி வேண்டியதில்லை, அளவு நாடா போதும்.

இடுப்பு முதுகெலும்புப் படம் ஒன்று. 80 கே.வி., 40 எம்.ஏ.எஸ். அட்டவணையில் 80-க்கு நேராக 50 மைக்ரோ கிரே. குழாயிலிருந்து தகடு வரை 110 செ.மீ.; தகட்டுக்கும் மேசைப் பலகைக்கும் இடையே 8 செ.மீ., நோயாளியின் தடிமன் 22 செ.மீ. ஆகவே குழாயிலிருந்து தோல் வரை 80 செ.மீ. தூரம் குறையக் குறைய அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கதிர் கூடும் என்பதால் 100-ஐ 80-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 1.56. மூன்றையும் பெருக்குங்கள்: 50 × 40 × 1.56, 3,120 மைக்ரோ கிரே, அதாவது 3.1 மில்லி கிரே. உடம்புக்குள்ளிருந்து சிதறித் திரும்பி வருவதையும் சேர்க்க 1.35-ஆல் பெருக்கினால் தோலில் 4.2.

சர்வதேச அணுசக்தி முகமை 1996-இல் இதற்கு வழிகாட்டு அளவாக 10 மில்லி கிரே என்றும், பின்னிருந்து முன்னாக எடுக்கும் மார்புப் படத்துக்கு 0.4 என்றும் கொடுத்தது. அவை படச்சுருள் காலத்து எண்கள். படச்சுருளில் கதிர் கூடினால் படம் கருகிவிடும். தவறு வெளிச்சத்தில் தெரிந்துவிடும். டிஜிட்டலில் கூடக் கூடப் படம் அழகாகிறது, திட்டுவார் யாருமில்லை. எனவே இன்றைக்கும் அந்த எண்களை நெருங்குகிறவர்கள் நிம்மதி அடையக் கூடாது.

சி-ஆர்ம், கேத் லேப்

சி-ஆர்ம் என்பது வில் வடிவக் கையில் குழாயைச் சுழற்றி ஓடும் எக்ஸ்ரே படம் காட்டும் இயந்திரம்; கேத் லேப் இதயக் குழாய்ச் சிகிச்சை நடக்கும் அறை. இங்கே கதிர் ஓடிய நேரத்தை மட்டும் எழுதி வைப்பது பழைய பழக்கம். ஒரே பத்து நிமிடத்தில் மெலிந்தவருக்கு நேராகவும் பருத்தவருக்குச் சாய்வாகவும் பார்த்தால் தோலில் விழுவது பல மடங்கு வேறுபடும். இரண்டு எண்களை எழுதுங்கள்.

ஒன்று டி.ஏ.பி.; கதிரளவையும் கதிர்க்கற்றையின் பரப்பையும் பெருக்கியது. டார்ச் விளக்கைச் சுவரருகே பிடித்தால் சின்ன வட்டம், பளிச்சென்ற ஒளி. தள்ளிப் பிடித்தால் பெரிய வட்டம், மங்கல் ஒளி. இரண்டையும் பெருக்கினால் மாறாது. அதனால்தான் குழாயின் வாயிலேயே மாட்டிய கருவி, தூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இதை அளந்துவிடுகிறது. இதன் அலகுதான் பெரிய தொல்லை: ஒரு நிறுவனம் கிரே-சதுர செ.மீ. என்று காட்டும், இன்னொன்று மைக்ரோ கிரே-சதுர மீட்டர் என்று காட்டும். முதலாவதில் 1 என்பது இரண்டாவதில் 100. அலகை எழுதாத எண்ணைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள்.

மற்றது, குறிப்புப் புள்ளியில் சேர்ந்த கிரே. சி-ஆர்ம் சுழலும் மையத்திலிருந்து குழாயின் பக்கமாக 15 செ.மீ. தள்ளி உள்ள புள்ளி அது; ஏறக்குறைய நோயாளியின் முதுகுத் தோல். இங்கே நாம் பேசுவது மில்லி கிரே அல்ல, முழுக் கிரே. 2 கிரேக்கு மேல் தோல் சிவக்கலாம். 5 கிரேயைத் தொட்டால் நோயாளியின் கோப்பில் எழுதி, அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லி, சில வாரங்கள் கழித்து முதுகைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், முதுகில் சதுரமாக வரும் புண்ணுக்கு அவர் தோல் மருத்துவரிடம் போவார். இதயக் குழாயை விரித்த சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று இருவருக்கும் தோன்றாது.

திரையை நம்பலாமா?

நம்பலாம், சரிபார்த்த பிறகு. நம் நாட்டு விதிப்படி இயந்திரங்களுக்குத் தரச் சோதனை குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டும். சோதனைக்கு வருபவர் அளக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள்.

அக்ரிலிக் உருளையை மேசையில் வைத்து லேசரால் வளையத்தின் நடுவில் நிறுத்துவார். உருளையில் ஐந்து துளைகள்: நடுவில் ஒன்று, ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி நிலைகளில் நான்கு. பென்சில் போன்ற 100 மி.மீ. நீள அயனி அறையை (கதிரை அளக்கும் கருவி அது) ஒரு துளையில் செருகி, மற்றவற்றை அக்ரிலிக் குச்சிகளால் அடைத்து, மேசையை நகர்த்தாமல் ஒரே ஒரு சுற்று. அளவை 100-ஆல் பெருக்கிக் கற்றையின் அகலத்தால் வகுக்க வேண்டும். 40 மி.மீ. கற்றையில் நடுத்துளை 2 மில்லி கிரே காட்டினால் 5. ஓரத்துளைகளின் சராசரி 4 என்றால் 10. நடுவுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஓரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுத்துக் கூட்டினால் 8.3. பிட்ச் 1.375 என்றால் அதால் வகுத்து 6.1. இதுதான் வால். திரை காட்டும் எண் இதிலிருந்து இருபது சதவீதத்துக்கு மேல் விலகினால் நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்யுங்கள்.

இந்த அயனி அறை வெளிக்காற்றுக்குத் திறந்தது. உள்ளே உள்ள காற்று கனமாக இருந்தால் அதிக மின்னூட்டம் பிறக்கும், லேசாக இருந்தால் குறையும். சென்னையில் இதைத் திருத்தாமல் விட்டாலும் பெரிய தவறு நேராது. ஊட்டியில்? கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் முக்கால் பங்குதான் தேறும். திருத்தாமல் எழுதினால் கதிரளவு கால் பங்கு குறைந்து தெரியும். இயந்திரம் சிக்கனமானது என்று பாராட்டி அனுப்பிவிடுவோம். இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கைபேசியின் வானிலைச் செயலி காட்டும் காற்றழுத்தம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். மலையில் அதை வைத்துத் திருத்தினால் திருத்தாதது போலத்தான். அறைக்குள் வைத்த அழுத்தமானியைப் பார்த்து எழுதுங்கள்.

இருபது பேர்

ஒருவர் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவர் பருத்தவராக இருக்கலாம், இருமியதால் மறுபடி எடுத்திருக்கலாம். எனவே ஒரு வகை ஸ்கேனுக்குக் குறைந்தது இருபது பேரைத் தொகுக்க வேண்டும்.

ஒரே ஒரு ஸ்கேனைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். 'வயிறு' என்று எழுதினால் போதாது. சிறுநீரகக் கல்லுக்கான வயிறு வேறு, கல்லீரல் கட்டிக்கான மூன்று கட்ட வயிறு வேறு. எதற்காக எடுத்தோம் என்பதே தலைப்பாக இருக்கட்டும். பெரியவர்கள் மட்டும். எடையைக் கேட்டு எழுதாமல் நிறுத்துப் பாருங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் இந்தத் தாளில் வேண்டாம்; வரிசை எண் போதும். வால், டி.எல்.பி., உருளை, கே.வி., கட்டங்களின் எண்ணிக்கை, நீளம், உடம்பின் இரண்டு அளவுகள். கையால் எழுதும்போது புள்ளி இடம் மாறும் என்பதால், டைகாம் கோப்பிலிருந்து (இயந்திரம் படத்தையும் விவரங்களையும் சேமிக்கும் கோப்பு) நேரே எடுக்க முடிந்தால் எடுங்கள்.

சராசரி காணாதீர்கள், எண்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் உள்ளதை, அதாவது இடைநிலை அளவை எடுங்கள். ஒருவருக்கு மட்டும் தாறுமாறாக ஏறியிருந்தால் அது சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும், இடைநிலை அசையாது. பல மருத்துவமனைகளின் இடைநிலைகளை அடுக்கி, அவற்றின் 75-ஆவது நூற்றுமானத்தைத்தான் (நூற்றில் எழுபத்தைந்து இடைநிலைகள் அதற்குக் கீழே இருக்கும் எண்) ஒரு நாடு தன் ஒப்பீட்டு அளவாக வைக்கிறது. இது அபராதக் கோடு அல்ல. தனி நோயாளிக்குப் பொருத்திப் பார்ப்பதற்கும் அல்ல. உங்கள் இடைநிலை அதைத் தாண்டினால் ஏன் என்று தேட வேண்டும். வெளியே ஒரு கைப்பிடி வேண்டுமென்றால், அமெரிக்கக் கதிரியல் கல்லூரி தன் சான்றளிப்பில் பெரியவர்களின் வயிற்றுக்கு 25 மில்லி கிரேயையும் தலைக்கு 75-ஐயும் வைத்திருக்கிறது. தாண்டவில்லை என்றாலும் வேலை முடிந்துவிடாது. ஓர் அறையில் படம் தெளிவின்றி மருத்துவர்கள் மறுபடி மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள் என்றால், அங்கே குறைந்த எண்ணும் வெட்டிச் செலவுதான்.

எங்கள் முதல் தொகுப்பு மார்பு ஸ்கேனில். இடைநிலை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தது. கே.வி. சரி, பிட்ச் சரி, மேசை உயரம் சரி. எடையும் ஒன்றும் அதிகமில்லை. கடைசியில் ஸ்கவுட் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது: எண் ஏறியிருந்தவர்களில் பெரும்பாலோர் கைகளைத் தலைக்கு மேல் தூக்காமல் உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் வயதானவர்கள், தோள் பிடித்துக்கொண்டவர்கள். இரண்டு கை எலும்புகளையும் சேர்த்து ஊடுருவ இயந்திரம் மின்னோட்டத்தை உயர்த்திக்கொண்டே போயிருக்கிறது. மேசையின் தலைமாட்டில் முழங்கையைத் தாங்க இரண்டு தலையணைகள் வைத்தோம். அடுத்த மூன்று மாதம் கழித்து எடுத்த இருபது பேரில் எண் இறங்கியிருந்தது. அந்தத் தலையணைகளுக்குத் துடைக்கிற மாதிரி ரெக்சின் உறை தைத்துத் தாருங்கள் என்று செவிலியர் அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.